பயோமெடிக்கல் படிக்கலாமா டீச்சர்?



பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து பொறியியல் கலந்தாய்வு முடிகிற வரைக்கும் எங்கள் வீட்டுத் திண்ணை காலியாக இருப்பதில்லை. பணி ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும், நான் அ, ஆ சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் இப்போது தங்கள் பிள்ளைகளின் மார்க் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நான் படித்தது இரண்டு வருட ஆசிரியர் பயிற்சிப் பட்டயம். இன்ஜினியரிங் பற்றி இந்த டீச்சருக்கு என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். தெரியாததை, தெரிந்த பழைய மாணவர்களுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்வேன். கூட்டல், கழித்தல், வட்டிக் கணக்கு எனக்கே தெரியும். இந்த விஷயத்தில் பாதிக்கு மேல் அந்தக் கணக்குதான்.

இந்த வருடம் வந்த கேள்விகளில் ஒன்றைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது. என்னிடம் மூன்றாம் வகுப்புப் படித்த ஒரு பெண், தன் மகளோடு வந்தாள். பெயர் வேண்டாம். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மகளுக்குக் கட் ஆஃப் 200க்கு 158. "பயோமெடிக்கல் இன்ஜினியரிங்தான் படிப்பேன்னு ஒத்தைக்கால்ல நிக்குறா டீச்சர். படிக்க வைக்கலாமா?" இதுதான் கேள்வி.

பிள்ளையிடம் கேட்டேன், ஏன் அந்தப் படிப்பு என்று. அவள் தாத்தாவுக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். துணைக்குப் போவது இவள்தான். ஒருநாள் பாதியில் மெஷின் நின்றுவிட்டது. நர்ஸ் போன் பண்ணினார். கையில் சின்னப் பெட்டியோடு ஒரு அக்கா வந்து, மெஷினின் பின்பக்கத்தைக் கழற்றி ஏதோ பார்த்து, அரை மணி நேரத்தில் ஓட வைத்துவிட்டாராம். "டாக்டர் கூட சும்மா நின்னாரு டீச்சர். அந்த அக்காதான் சரி பண்ணுனாங்க" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகள் முகத்தைப் பார்த்தவள் நான். டிவியில் பார்த்து வந்த ஆசைக்கும், நேரில் பார்த்து வந்த ஆசைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும்.

ஆசை சரி. அடுத்து அம்மா சொன்னதுதான் என்னைக் கலக்கியது. யாரோ ஒரு ஏஜென்ட் வீடு தேடி வந்திருக்கிறார். சென்னைப் பக்கம் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சீட் நிச்சயமாம். ஹாஸ்டலோடு வருடம் 3 லட்சம். நான்கு வருடத்துக்கு 12 லட்சம். "பணத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க, லோன் நாங்களே வாங்கித் தர்றோம், வீட்டுப் பத்திரம் மட்டும் குடுங்க" என்றாராம். கல்விக் கடனில் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வங்கிகள் பொதுவாகச் சொத்து ஜாமீன் கேட்கும். அதற்குத்தான் அந்தப் பத்திரம். அவர்களிடம் இருப்பது ஓட்டு வீடும் அதைச் சுற்றி மூன்று சென்ட் இடமும் மட்டும்தான்.

"இரு தாயி, முதல்ல கணக்குப் போடுவோம்" என்று தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுத ஆரம்பித்தேன். அதை அப்படியே கீழே தருகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் உதவும்.

கல்விக் கடன் எப்படி வேலை செய்கிறது என்று பலருக்குத் தெரிவதில்லை. படிக்கும் நான்கு வருடமும், படித்து முடித்த பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். "அதுவரைக்கும் ஒண்ணும் இல்லை" என்று நினைத்துக்கொள்கிறோம். தவணைதான் இல்லை, வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். கணக்குக்காக 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். வருடா வருடம் 3 லட்சம் வாங்குகிறோம். முதல் வருடத்துப் பணத்துக்கு ஐந்து வருட வட்டி, இரண்டாம் வருடத்துப் பணத்துக்கு நான்கு வருட வட்டி, இப்படியே மூன்று, இரண்டு. தனி வட்டியாகப் போட்டாலே 4,20,000 ரூபாய். ஆக, முதல் தவணை கட்டும் நாளில் கடன் 12 லட்சம் இல்லை, 16,20,000.

இதைப் பதினைந்து வருடத்தில் கட்டினால் மாதத் தவணை சுமார் 17,400 ரூபாய். பத்து வருடத்தில் கட்டினால் 21,400. பதினைந்து வருடக் கணக்கில் மொத்தம் கட்டுவது 31 லட்சத்துக்கு மேல். இப்போது பதினேழு வயது பிள்ளைக்குக் கடன் தீரும்போது வயது 37.

இதை எழுதி முடித்தபோது அம்மாவும் மகளும் ஒன்றும் பேசவில்லை.

சரி, வரவு என்ன? அதற்கு ஒரு போன் போட்டேன். என் பழைய மாணவன் ஒருவன் மதுரையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் பயோமெடிக்கல் பிரிவில் இருக்கிறான். 2013இல் வேலைக்குச் சேர்ந்தவன். ஸ்பீக்கரில் போட்டு, அந்தப் பிள்ளையையே கேட்கச் சொன்னேன். அவன் ஒளிக்காமல் சொன்னான்.

"பாப்பா, நான் சேரும்போது 9,000. இப்ப 40,000க்குப் பக்கத்துல வாங்குறேன். இந்த வருசம் எங்க ஆஸ்பத்திரியில புதுசா சேர்ந்தவங்களுக்கு 15,000, 16,000. உபகரணக் கம்பெனியில சர்வீஸ் இன்ஜினியராப் போனா ஆரம்பமே இதைவிடக் கூட இருக்கும். ஆனா பைக்கும் பஸ்ஸுமா நாலு மாவட்டம் சுத்தணும். ராத்திரி பன்னெண்டு மணிக்கும் போன் வரும். என் கூடப் படிச்சவங்கள்ல நிறைய பேரு இப்ப மெடிக்கல் கோடிங்லயும் சாஃப்ட்வேர்லயும் இருக்காங்க. ஏன்னா வீட்டுக் கடன், கல்விக் கடன். வேலை பிடிக்காமப் போனவங்க இல்ல."

கடைசியாக அவன் சொன்ன அந்த ஒரு வரிதான், இந்தப் பதிவை எழுத வைத்தது.

வேலையைப் பற்றியும் சொன்னான். வென்டிலேட்டர், டயாலிசிஸ் மெஷின், இசிஜி, டீஃபிப்ரிலேட்டர், சொட்டு சொட்டாக மருந்து ஏற்றும் சிரிஞ்ச் பம்ப் என்று நூற்றுக்கணக்கான கருவிகள். ஒவ்வொன்றையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சோதித்து, காட்டுகிற அளவு சரிதானா என்று பார்த்து, பதிவு செய்து வைக்க வேண்டும். கெட்டுப்போன பிறகு ஓடுவது பாதி வேலை. கெடாமல் பார்த்துக்கொள்வது மீதி. கொரோனாவின் இரண்டாம் அலையில், 2021 மே மாதம், ஒரு வாரம் வீட்டுக்கே போகவில்லையாம். "எங்க பேரு யாருக்கும் தெரியாது டீச்சர். ஆனா மெஷின் ஓடுச்சு" என்றான். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளையின் கண் அகலமாகியது.

இந்தத் துறையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வல்லியத்தானின் தலைமையில் நம் நாட்டிலேயே இதய வால்வு செய்தார்கள். 1990இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். நம் மதுரையில் 1992இல் தொடங்கிய ஆரோலேப், கண்புரை அறுவைக்கான லென்ஸை ஏழைக்கும் எட்டுகிற விலைக்குக் கொண்டுவந்தது. ஆனாலும் இன்றைக்கும் நம் நாட்டின் மருத்துவக் கருவிகளில் பெரும்பங்கு வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. இங்கேயே செய்ய வேண்டும் என்று மருத்துவக் கருவிப் பூங்காக்கள் அமைக்கும் திட்டம் 2020இல் வந்தது. அதில் தமிழ்நாடும் ஒன்று. ஆகவே துறை வளரும். ஆனால் துறை வளர்வது வேறு, நம் பிள்ளைக்கு முதல் வருடச் சம்பளம் வருவது வேறு. துறையின் எதிர்காலத்தைக் காட்டி வங்கியில் தவணை கட்ட முடியாது.

இப்போது இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சம்பளம் 16,000. தவணை 17,400. கவரைப் பிரிக்காமல் அப்படியே வங்கியில் கொடுத்தாலும் மாதம் 1,400 ரூபாய் துண்டு விழுகிறது. சாப்பாடு, தங்குமிடம், பஸ் எல்லாம் இதற்கு மேல்தான். அந்தப் பிள்ளை என்ன செய்வாள்? ஆறே மாதத்தில், கூடுதல் சம்பளம் தருகிற எந்த வேலைக்காவது போவாள். போய்த்தான் ஆக வேண்டும். டயாலிசிஸ் மெஷினைச் சரி பண்ண ஆசைப்பட்டு வாங்கிய கடன், அவளை அந்த மெஷின் பக்கமே போகவிடாமல் செய்துவிடும். பெரிய கடனில் நான் பயப்படுவது இதற்குத்தான். பணம் போகும், வட்டி போகும், அதெல்லாம் சரி. ஆசைப்பட்ட வேலையில் இருந்து, கற்றுக்கொண்டு, மெல்ல மேலே வருகிற பொறுமையை அது பிடுங்கிக்கொள்ளும். இந்தத் துறையோ தொடக்கத்தில் பொறுமை கேட்கிற துறை.

அதே படிப்பை அரசு ஒதுக்கீட்டில் படித்தால் கணக்கே வேறு. சுயநிதிக் கல்லூரியாக இருந்தாலும் கலந்தாய்வு வழியாகக் கிடைக்கும் இடத்துக்கு 2017இல் கட்டணக் குழு நிர்ணயித்தது வருடம் 50,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதில் 25,000 ரூபாயை அரசு ஏற்றுக்கொள்ளும். இந்தப் பிள்ளை முதல் பட்டதாரி. வேறு வேறு பெயரில் கல்லூரி கேட்கும் கட்டணம், ஹாஸ்டல், புத்தகம் எல்லாம் சேர்த்து வருடம் 1 லட்சம் என்று தாராளமாகவே போட்டேன். நான்கு வருடத்துக்கு 4 லட்சம். 4 லட்சம் வரை பொதுவாகச் சொத்து ஜாமீன் இல்லை. வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கும்.

இதற்கும் ஐந்து வருட வட்டி போட்டால் 5,40,000 ஆகும். பத்து வருடத் தவணை மாதம் சுமார் 7,140. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரியும் படிப்பும் அந்தத் திட்டத்தின் விதிகளுக்குள் வந்தால், படிக்கும் காலத்துக்கும் அடுத்த ஒரு வருடத்துக்கும் உள்ள வட்டியை மத்திய அரசு ஏற்கும் மானியத் திட்டம் இருக்கிறது. அது கிடைத்தால் கடன் 4 லட்சமாகவே நிற்கும். தவணை சுமார் 5,290. எப்படி விண்ணப்பிப்பது என்று கடன் வாங்கும்போதே வங்கியில் கேட்டு, வருமானச் சான்றிதழ் கொடுத்து வைக்க வேண்டும். கடைசி வருடத்தில் போய்க் கேட்டால் "அப்பவே ஏன் சொல்லலை" என்பார்கள்.

என் அளவுகோல் ஒன்று உண்டு. படித்து முடித்ததும் கிடைக்கக்கூடிய குறைந்த சம்பளம் எதுவோ, அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவணை போகக் கூடாது. கல்லூரி விளம்பரப் பலகையில் போட்டிருக்கும் பெரிய சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அது ஒருவருக்குக் கிடைத்தது. 16,000இல் மூன்றில் ஒன்று 5,300 சொச்சம். வட்டி மானியத்தோடு வருகிற 5,290 அதற்குள் அடங்குகிறது. மானியம் கிடைக்காவிட்டால் 7,140 கொஞ்சம் இறுக்கும், ஆனால் கழுத்தை நெரிக்காது. ஹாஸ்டல் வேண்டாம், வீட்டிலிருந்தே பஸ்ஸில் போகலாம் என்றால் கடன் இன்னும் குறையும்.

ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2021 முதல் பொறியியலுக்கும் உண்டு. அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டிவிடும். கடனே வேண்டாம். ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இந்தப் பிள்ளை ஆறு முதல் எட்டு வரை ஒரு மெட்ரிக் பள்ளியில் படித்திருக்கிறாள். நம் பிள்ளையும் டை கட்டிக்கொண்டு வேனில் போகட்டும் என்று பெற்றவர்கள் ஆசைப்பட்டது அந்த மூன்று வருடம். ஒன்பதாம் வகுப்பில் கட்டணம் கட்ட முடியாமல் அரசுப் பள்ளிக்கு வந்துவிட்டாள். அந்த மூன்று வருடத்தால் இந்தச் சலுகை இல்லை. இதைப் படிக்கும் பெற்றோரில் யாருக்காவது ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்.

இத்தனையும் பேசிக்கொண்டிருக்கும்போது பிள்ளையின் தாய்மாமா வந்தார். "எதுக்கு டீச்சர் இந்தச் சுத்து? கம்ப்யூட்டர் எடுத்தா முடிஞ்சது" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சம்பளம் மட்டும்தான் கணக்கு என்றால், அது பேசப்பட வேண்டிய வழிதான். ஆனால் நான்கு வருடம் பிடிக்காத பாடத்தோடு மல்லுக்கட்டி அரியர் வைத்துக்கொண்டு வெளியே வந்த பிள்ளைகளையும் இதே திண்ணையில் பார்த்திருக்கிறேன். அரியர் இருக்கிறவனுக்குக் கம்ப்யூட்டரிலும் சம்பளம் இல்லை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு பாதை இருப்பதை என் மாணவன்தான் சொன்னான். ஈசிஇ, இஇஇ, இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவர்களும் மருத்துவக் கருவி வேலைக்கு வருகிறார்கள். நல்ல பயோமெடிக்கல் கல்லூரி கிடைக்காவிட்டால் இவற்றில் ஒன்றைப் படித்து, கேட் தேர்வு எழுதி, எம்.டெக்கில் பயோமெடிக்கல் பக்கம் வரலாம். கேட்டில் பயோமெடிக்கலுக்கு என்று தனித் தாளே 2020 முதல் இருக்கிறது. கேட் மதிப்பெண்ணோடு அரசு நிறுவனங்களில் எம்.டெக் சேர்ந்தால் மாதம் 12,400 உதவித்தொகை கிடைக்கிறது. அதாவது இரண்டாவது பட்டத்துக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை, செலவுக்கு அவர்களே பணம் தருகிறார்கள். பிளஸ் டூ மார்க் குறைவு என்று கலங்குகிறவர்களுக்குப் பாலிடெக்னிக் வழியும் உண்டு. டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், செலவும் குறைவு.

என் கதையையும் கொஞ்சம் சொல்கிறேன். நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போகும்போது எங்கள் அம்மா ஒரு ஜோடிக் கம்மலை அடகு வைத்தார். படித்து முடித்ததும் வேலை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு நான்கு வருடம் காத்திருந்தேன். பக்கத்து ஊர்த் தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்குப் பாடம் எடுத்தேன். அந்த நான்கு வருடமும் கம்மல் மூழ்கிவிடாமல் வட்டியை மட்டும் கட்டித் திருப்பித் திருப்பி வைத்தோம். கடன் ஒரு ஜோடிக் கம்மலாக இருந்ததால் எங்களால் தாங்க முடிந்தது. அரசு வேலை வந்த மூன்றாம் மாதச் சம்பளத்தில் மீட்டு அம்மா காதில் போட்டேன். வீட்டை அடகு வைத்திருந்தால் அந்த நான்கு வருடம் நான் காத்திருந்திருக்க முடியுமா? கிடைத்த ஏதோ ஒரு வேலைக்குப் போயிருப்பேன். உங்கள் பிள்ளைகளுக்கு டீச்சராக வந்திருக்க மாட்டேன்.

பெற்றோர்களே, கையெழுத்துப் போடும் முன் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

கல்லூரியில்: போன வருடம் இந்தப் பிரிவில் படித்து முடித்தவர்கள் எத்தனை பேர்? அதில் எத்தனை பேர் இந்தத் துறையிலேயே வேலைக்குப் போனார்கள்? நடுவில் இருக்கும் மாணவருக்கு என்ன சம்பளம்? மருத்துவமனையில் நேரடிப் பயிற்சி எத்தனை வாரம், எந்த மருத்துவமனையில்? பதில் சொல்லத் தயங்கினால் அதுவே ஒரு பதில்.

வங்கியில்: வட்டி எவ்வளவு, மாறுமா? மானியம் இந்தக் கல்லூரிக்கு உண்டா? மேனேஜ்மென்ட் சீட்டுக்கு விதி என்ன? படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டினால் என்ன சலுகை? ஏஜென்ட் சொல்வதைக் கேட்காமல் நீங்களே கிளைக்குப் போய் மேனேஜரைப் பாருங்கள். கடனில் பெற்றவரும் சேர்ந்துதான் கையெழுத்துப் போடுகிறீர்கள். தவணை தவறினால் பிள்ளைக்கும் உங்களுக்கும் சேர்த்தே சிபில் மதிப்பெண் இறங்கும். நாளைக்கு லோடு ஆட்டோ மாற்ற லோன் கேட்டால் அங்கே இது வந்து நிற்கும்.

பிள்ளையிடம்: இந்த வேலையில் இருக்கிற ஒருவரோடு அரை மணி நேரமாவது பேசினாயா?

அந்தப் பிள்ளை கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலைத் தானே தயார் செய்திருக்கிறாள். முதலில் கிண்டியும் கோவை பி.எஸ்.ஜி.யும். கிடைக்காது என்று தெரியும். "எழுதி வச்சா என்ன டீச்சர்" என்றாள். எழுதட்டும். பிறகு வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய கல்லூரிகளில் பயோமெடிக்கல், அதற்கும் பிறகு அதே கல்லூரிகளில் ஈசிஇ, இன்ஸ்ட்ருமென்டேஷன். ஏஜென்ட் சொன்ன இடம் பட்டியலில் இல்லை. இன்னும் ஒதுக்கீடு வரவில்லை. எது வந்தாலும் வீடு அவர்கள் வீடாக இருக்கும்.

பயோமெடிக்கல் துறையில் இருக்கும் நண்பர்கள் இதைப் படித்தால், தொடக்கச் சம்பளம் பற்றியும் நல்ல பயிற்சி எங்கே கிடைக்கும் என்பது பற்றியும் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். அடுத்து திண்ணைக்கு வருகிற பிள்ளைக்கு அதை நான் வாசித்துக் காட்டுவேன். பயன்படும் என்று தோன்றினால் பகிருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்